ஆணி அடிக்காத பரண்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதை எழுதினேன். குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டுக்காரராக இருந்த என் தாத்தாதான் கதாநாயகன். அவர் ஒரு பால்மரத்தில் நாலு அங்குல ஆணிகளை அறைந்து பரண் கட்டுவார். பக்கத்துக் கிளைகளைப் பாராங்கால் வெட்டிப் பரணைச் சுற்றிச் செருகி மறைத்துக்கொள்வார். விடிகிற நேரத்தில் புலி வரும், சுடுவார். நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். தாத்தா வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புலியைப் பற்றியும் சொல்லவில்லை. "எங்கப்பா பால்மரத்துல ஆணி அடிச்சாருன்னு எழுதியிருக்கியே, அவருக்கு என்ன கிறுக்கா புடிச்சிருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையில் நடந்தது இதுதான். லயத்துக்குப் பின்னால் தாத்தா மரவள்ளி போட்டிருந்தார். காட்டுப்பன்றி வந்து கிளறிவிட்டுப் போகும். காவலுக்கு ஒரு பலா மரத்தில் பரண் கட்டினார். ஆயுதம் ஒரு மண்ணெண்ணெய்த் தகரமும் ஒரு கட்டையும். பன்றி வந்தால் தட்டுவார், அது ஓடிவிடும். பரண் கட்டைகளை சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துக் கட்டியிருந்தார். டியூபுக்கும் பட்டைக்கும் நடுவில் சாக்கை மடித்து வைத்திருந்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை அவிழ்த்து, கொஞ்சம் தள்ளிக் கட்டுவாராம். "மரமும் பெருக்குமில்ல" என்றார் பெரியப்பா.

அந்தக் கதையை நான் எங்கும் அனுப்பவில்லை. ஆனால் பெரியப்பா கேட்ட கேள்வி போகவில்லை. நான் விரும்பிப் படித்த வேட்டைப் புத்தகங்களை எல்லாம் அந்த ஒரே கேள்வியோடு மறுபடி எடுத்தேன். பரணை எதில் கட்டினார்கள், எப்படி மறைத்தார்கள், மரம் என்ன ஆனது? இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் குறிப்புதான்.

தமிழில் வேட்டை இலக்கியம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஜிம் கார்பெட். 1944ல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய முதல் பெரிய நூலை தி.ஜ.ர. 'குமாயுன் புலிகள்' என்று தமிழாக்கினார். அதில் தொடங்கி மற்ற நூல்களுக்கு ஆங்கிலத்தில் போனவன் நான். முதல் வாசிப்பில் எனக்குப் புலி மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் வாசிப்பில் மரங்கள் தெரிந்தன. அதில் மூன்று மரங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ஒரு அக்ரூட் மரம். 1948ல் வந்த ருத்ரபிரயாக் சிறுத்தை பற்றிய நூலில் வருகிறது. கார்வால் கிராமங்களில் வைக்கோலைத் தரையில் போராகப் போடாமல் மரத்தின் மேல் அடுக்கி வைக்கும் வழக்கம் உண்டு. கார்பெட் அப்படிப்பட்ட ஒரு வைக்கோல் போரையே தன் மறைவிடமாக்கிக்கொள்கிறார். சிறுத்தை அந்தப் போரைத் தினமும் பார்த்திருக்கும். புதிதாக அங்கே எதுவும் முளைக்கவில்லை. மரத்திடமிருந்து அவர் எதையும் எடுக்கவும் இல்லை. கிராமத்து ஆட்கள் தங்கள் மாட்டுக்காக ஏற்கனவே செய்து வைத்திருந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாவது ஒரு கிழட்டு ஓக் மரம். 1910ல் நடந்த பனார் சிறுத்தை வேட்டை. கார்பெட் அதை எழுதியது 1954ல் வந்த நூலில். மரம் சரிவை விட்டு வெளியே சாய்ந்து நிற்கிறது. சிறுத்தை பின்பக்கமாக ஏறி வந்துவிடும் என்ற பயம். நீளமான முள் கொப்புகளைக் கொண்டுவந்து மரத்தோடு சேர்த்து இறுகக் கட்டச் சொல்கிறார். இரவில் சிறுத்தை வருகிறது. கட்டிப்போட்ட ஆட்டை உடனே தொடவில்லை. முள் கொப்புகளின் அடியைப் பல்லால் கடித்து இழுக்கிறது. கொப்புகள் கார்பெட்டின் கைகளுக்கும் விலாவுக்கும் இடையே இருப்பதால் ஒவ்வொரு இழுப்பும் அவர் உடம்பில் தெரிகிறது. அந்த இருட்டில் அவர் உயிர் யாரோ ஒரு கிராமத்தான் போட்ட முடிச்சில் இருந்தது. அந்தப் பக்கங்களை இப்போது வாசிக்கும்போது எனக்குச் சிறுத்தையைவிட அந்த முடிச்சுதான் பயம் தருகிறது.

மூன்றாவது கோலாப்ராய் மாமரம். எட்டு வருடங்களில் பதிவில் உள்ள கணக்குப்படி 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தை 1926 மே மாதத் தொடக்கத்தில் அதன் அடியில்தான் சுடப்பட்டது. யாத்திரைப் பாதையின் ஓரம், இலை உதிராத மரம். பத்து இரவுகள் வெறுமனே போன பிறகு, பதினோராவது இரவில் பாதையில் கட்டியிருந்த ஆட்டின் மணி ஒலிக்கிறது. இந்த அத்தியாயத்தில் வேட்டை குறைவு, காத்திருப்பு அதிகம். மரம் அவரைத் தன்னில் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளும்வரை உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

இந்த மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. மறைவது என்பதும் மரத்தைக் காயப்படுத்தாமல் இருப்பது என்பதும் இரண்டு தனி வேலைகள் இல்லை. என் கதையில் தாத்தா கிளைகளை வெட்டிச் செருகினார் என்று எழுதினேனே, அது நடைமுறையில் எவ்வளவு முட்டாள்தனம் என்று யோசித்துப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலில் வெட்டிய கிளை ஒரே நாளில் வாடிவிடும். இலை சுருண்டு வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டும். பச்சைக்கு நடுவே ஒரு பழுப்புத் திட்டு. வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரியும், பால் வடியும், எறும்பு வரும். பன்றிக்கு மூக்கு போதும், அது தெரிந்துகொள்ளும். மரத்தில் ஏற்படுத்திய ஒவ்வொரு காயமும் மேலே ஒருத்தன் இருக்கிறான் என்பதற்கான அறிவிப்புப் பலகை. அடிமரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஏற்கனவே இருக்கிற கவட்டையில், ஏற்கனவே இருக்கிற தழைக்குப் பின்னால் அசையாமல் உட்காருகிறவன்தான் கண்ணில் படமாட்டான்.

இதை வாசித்துத் தெரிந்துகொண்டதோடு நான் நிறுத்தவில்லை. நான் சிவில் எஞ்சினியர், ஸ்கூடாயில் படித்தவன். போன வருடத்துக்கு முந்தின வருடம் பெரியப்பாவின் டுரியான் நிலத்தில், பழம் விழுகிற பருவத்தில் ராத்திரிக் காவலுக்கு நானே ஒரு பரண் கட்டினேன். ஆணி கிடையாது என்று வீராப்பாக முடிவு செய்து, கட்டுக்கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன். பாரம் கணக்குப் போட்டேன், இரண்டு ஆள் ஏறினாலும் தாங்கும். பருவம் முடிந்ததும் மறந்துவிட்டேன். அடுத்த பருவத்துக்குப் போனபோது கம்பியைக் காணோம். பட்டை அதை விழுங்கியிருந்தது. கம்பிக்கு மேலே கிளை வீங்கியிருந்தது, கீழே ஒடுங்கியிருந்தது. பெரியப்பா திட்டவில்லை. அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டே நின்றார், அது திட்டுவதைவிட மோசம்.

என்ன நடந்தது என்பது எளிது. இலையில் உண்டாகும் சர்க்கரை பட்டையின் உள்தோல் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. அந்தத் தோலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய வளர்படலம் உண்டு; மரம் பெருப்பது அதனால்தான். சுற்றி இறுக்கிய கம்பி இந்த வழியைக் கழுத்தை நெரிப்பது போல நெரிக்கிறது. ஆணி ஒரு புள்ளியில் குத்துகிறது, கம்பி சுற்றளவு முழுவதும் குத்துகிறது. அதனால்தான் இன்று மரவீடு கட்டுகிறவர்கள் பலர் பத்துச் சின்ன ஆணிகளுக்குப் பதில் ஒரே ஒரு தடித்த போல்ட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ 1970களில் விளக்கியதுபோல, மரத்துக்கு நம்மைப் போலக் காயம் ஆறுவது கிடையாது. காயம்பட்ட பகுதியைச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றிப் புதிதாக வளர்கிறது. பழைய காயம் உள்ளே அப்படியே இருக்கும். ஒரு காயத்தை ஒதுக்க முடியும். சுற்றிலும் காயம் என்றால் எங்கே ஒதுக்குவது?

'ஆணி அடிக்காதே' என்பதை விதியாக எடுத்துக்கொண்டேன். தாத்தா அதை விதியாக வைத்திருக்கவில்லை. சாக்கு, அகலமான டியூப், அவிழ்த்து மாற்றிக் கட்டுவது, வேலை முடிந்ததும் எடுத்துவிடுவது என்று மரத்தோடு பேச்சுவார்த்தையில் இருந்தார். இது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விடை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவர் பால்வெட்டுக்காரர்.

பால்வெட்டு என்பதே மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுகிற வேலை. பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள், வளர்படலத்துக்கு வெளியே இருக்கின்றன. உளி அந்தக் குழாய்களை அறுக்க வேண்டும். ஆனால் படலத்துக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட வேண்டும். மீறினால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அங்கே உளி ஓடாது. 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி இந்த முறையைச் சோதித்து நிறுவினார் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. விடியற்காலை நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மழை ஈரத்தில், நெரைக்கு நெரை ஓடிக்கொண்டே அந்த ஒரு மில்லிமீட்டரை நூற்றுக்கணக்கான மரங்களில் விட்டுவைத்த கைகள் எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன? மரத்தில் காயம் போட்டால் மண்டோரிடம் ஏச்சு வாங்க வேண்டும். அப்படி நாற்பது வருடம் பழகிய கை பலா மரத்தில் பரண் கட்டும்போது மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளுமா?

இங்கேதான் வேட்டை இலக்கியத்தின் மேல் எனக்கு ஒரு குறை. கென்னத் ஆண்டர்சனை எடுத்துக்கொள்வோம். 1910ல் பிறந்தவர், பெங்களூர்க்காரர், தமிழ் பேசத் தெரிந்தவர். ஜவளகிரி, அஞ்செட்டி, பெண்ணாகரம் என்று நம் காதுக்குப் பழக்கமான ஊர்களில் வேட்டையாடியவர். கதைசொல்லலில் கார்பெட்டைவிட அவர் வேகம். ஆனால் அவர் எழுத்தில் பரண் என்பது பெரும்பாலும் ஒரு நாற்காலி. வந்தார், ஏறினார், உட்கார்ந்தார். மரம் ஒரு உயரம் மட்டும்தான். கட்டியது யார்? அவரோடு காட்டில் நடந்தவர்களில் பைரா பூசாரி பற்றி அன்போடு தனிக் கதையே எழுதியிருக்கிறார். அது உண்மை, பாராட்ட வேண்டியது. ஆனால் பைராவைப் போன்றவர்களின் கை மரத்தில் என்ன செய்தது, எந்தக் கொடியைத் தேர்ந்தெடுத்தது, எந்தக் கிளையை வேண்டாம் என்றது என்பதெல்லாம் அவர் பக்கங்களில் அநேகமாக இல்லை. மனிதன் இருக்கிறான், அவனுடைய அறிவு இல்லை. கார்பெட்டும் இதிலிருந்து முழுதாகத் தப்பவில்லை. முள்ளைக் கட்டியவனின் முடிச்சு அவர் உயிரைக் காப்பாற்றியது என்று நமக்குத் தெரிகிறது, முடிச்சு எப்படிப்பட்டது என்று தெரியவில்லை.

நம் நாட்டைப் பற்றிய நூலிலும் இதேதான். திரெங்கானுவின் கெமாமானில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி ஆர்தர் லாக் 1954ல் திரெங்கானு புலிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஜொகூரிலோ, 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் பேர்போன புலி வேட்டைக்காரர். எழுதப்பட்ட மலாயா வேட்டை வரலாறு என்பது மேலே உட்கார்ந்தவர்களின் வரலாறு. மலாய்க்காரர்களிடம் மரத்து மேல் கட்டும் வேட்டைப் பரணுக்கு 'ரான்' என்றும், மறைந்து பார்க்கும் குடிலுக்கு 'பும்புன்' என்றும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இரண்டு சொல் இருந்தால் இரண்டு வகைக் கைவேலை இருந்தது என்றுதானே அர்த்தம்?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க நம்மிடம் ஒன்று இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. 261 அடிப் பாட்டு. 99 பூக்களின் பட்டியலுக்காகவே அதை நாம் மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்த்துவிட்டோம். பூக்களுக்கு முன்னால் ஒரு பரண் வருகிறது. இதணம் என்கிறார். தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்க அதில் ஏறுகிறார்கள். அந்த இதணம் மரத்தின் மேல் இருக்கிறது, புலி அதைக் கண்டு அஞ்சுகிறது, அதைக் கட்டியவன் 'சேணோன்'. கட்டியவனைச் சொல்லாமல் கபிலரால் அந்தப் பரணில் ஏற முடியவில்லை. இரண்டு பெண்களும் கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். தழல், தட்டை, குளிர். எல்லாம் ஓசை எழுப்பிக் கிளியை விரட்டும் கருவிகள். அதை வாசித்தபோது தாத்தாவின் மண்ணெண்ணெய்த் தகரம் என் காதில் கேட்டது.

அகநானூற்றின் 102ஆம் பாட்டில் இன்னும் விசேஷமான ஒரு பரண். தினைக் காவலுக்கு இருக்க வேண்டிய கானவன் குடித்துவிட்டுப் பரணில் கிடக்கிறான். அவன் மனைவி கூந்தலைக் கோதிக்கொண்டே குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த யானை தின்னவும் இல்லை, போகவும் இல்லை, நின்றபடி தூங்கிவிடுகிறது. அம்பு எய்யப்படவே இல்லை. இப்படி ஒரு பரண் காட்சி கார்பெட்டிலும் ஆண்டர்சனிலும் வர வாய்ப்பே இல்லை. அவர்கள் வேலை வேறு, மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் குறை சொல்லப்பட வேண்டியவன். தகரம் தட்டிய ஒரு மனிதரை வைத்துக்கொண்டு, அவர் கையில் கார்பெட்டின் துப்பாக்கியைக் கொடுத்தவன்.

இது என் கதையின் பிரச்சினை மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். தோட்டத்தையும் காட்டையும் பற்றி என் வயதுக்காரர்கள் எழுதி நண்பர்களிடையே சுற்றுகிற கதைகளை வாசிக்கிறேன். புலி வருகிறது, யானை வருகிறது, கித்தாக் காடு இருளாகக் கிடக்கிறது. ஆனால் கை இல்லை. உளி பட்டையில் எவ்வளவு ஆழம் போகும் என்று எழுதியவருக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்க நிறைய இலைதழைகளை வெட்டிச் செருகியிருக்கிறோம். மர்மம், மூடுபனி, பேய், மூதாதையர் குரல். இரண்டாம் வாசிப்பில் எல்லாம் வாடிப்போய், நடுவில் எழுத்தாளர் உட்கார்ந்திருப்பது பளிச்சென்று தெரிகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். எத்தனை வருடத்துக்கு இருப்பார்கள் என்பதுதான் கவலை.

அவசரம் இன்னொரு வகையிலும் இருக்கிறது. ஜொகூரில் பால்மரம் நின்ற பல நிலங்களில் இப்போது செம்பனை. பனை இனத்துக்கு அந்த வளர்படலமே கிடையாது. காயத்தை மூடி மேலே வளர அதற்கு வழி இல்லை. செம்பனையில் போட்ட வெட்டு அது சாகும்வரை வெட்டுதான். பட்டையைப் படித்து, ஒரு மில்லிமீட்டரை விட்டுவைக்கும் அறிவுக்கு அங்கே வேலையே இல்லை. மரம் போனதோடு அதைத் தொடத் தெரிந்த விரலும் போகிறது. புலியும்தான். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு, மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று சொன்னது. என் கதையில் தாத்தா ஒன்றைக் கொன்று கணக்கில் ஒன்றைக் குறைத்ததற்கும் சேர்த்து இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன ஆண்டு எண்டாவ் ரொம்பினுக்குப் போயிருந்தேன், பேத்தா வழியாக. எங்களோடு வந்த ஜாக்குன் வழிகாட்டி ஓரிடத்தில் நின்று, ஒரு மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டியிருந்த தானியங்கிக் கேமராவைக் காட்டினார். அகலமான நாடாவால் கட்டியிருந்தது. தழை எதுவும் செருகவில்லை, பட்டையின் நிறத்திலேயே பெட்டி. அவர் காட்டியிருக்காவிட்டால் நான் தாண்டிப் போயிருப்பேன். நாடாவுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, கொக்கியைக் கழற்றிக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டினார். பழைய இடத்தில் நாடாவின் தடம் லேசாக ஈரமாகத் தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

கதையை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். துப்பாக்கி இல்லை, புலி இல்லை. பலா மரம், டியூப், சாக்கு, தகரம். பன்றி வருமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த முடிச்சு எப்படிப் போடுவது என்று போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா கற்றுக்கொடுத்தார். மூன்று தடவை தப்பாகப் போட்டேன். டுரியான் மரத்தில் கம்பி விழுங்கிய கிளை இந்தப் பருவத்தில் பூக்கவில்லை.